தர்மன் கடை வால்

வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லியின் மேல் ஆணையாக, கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பக்கத்தில் இருக்கும் வெள்ளிப் பல்லியின் மேலும் ஆணையிட்டிருக்கலாம். ஆத்திர அவசரத்துக்கு ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் காஞ்சிபுரத்தில் இறங்கி, செவிலிமேட்டுச் சாலையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். அவர் பதில் சொல்லுமுன் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஊரில் அப்படித்தான்.

பட்டு நெய்கிற ஊரில் சந்தேகப்படத் தெரியாதவன் பிழைக்க முடியாது. ஜரிகை என்று நீட்டினால் கல்லில் உரசிப் பார்ப்பார்கள். பட்டு என்று நீட்டினால் ஓர் இழையை உருவிக் கொளுத்தி மோந்து பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் முதலில் முந்தானையைத் திருப்பிப் பின்பக்கத்து நெசவைப் பார்ப்பார்கள். அது ஒழுங்காக இருந்தால்தான் நிமிர்ந்து பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள். அறுபத்தொன்பது, எழுபது வாக்கில் இது இன்னும் கொஞ்சம் தீவிரமாக இருந்தது.

தர்மன் தறியை விட்டதே இந்தச் சந்தேகம் பொறுக்காமல்தான்.

அவன் கைலாசம் முதலாளியின் தறிக்கூடத்தில் நெய்துகொண்டிருந்தான். கைலாசம் நல்லவர். உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் பட்டு திருடுகிறார்கள் என்று நம்பினார், அவ்வளவுதான். தன்னையும் வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் சந்தேகப்பட்டார் என்று சொல்வார்கள். சாயங்காலம் தறிக்குழியை விட்டு ஏறினால் ஒவ்வொருவனும் வாசலில் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்க வேண்டும். தறிக்கூடத்தைப் பெருக்கும்போது கிடைக்கும் நூல் துணுக்கு பெருக்குகிறவளுக்குச் சொந்தம் என்பது ஊர் வழக்கம். கைலாசம் அந்தக் குப்பையையும் தராசில் போட்டுப் பார்த்துத்தான் வெளியே விடுவார்.

தர்மனுக்குப் பாவு பிணைப்பதில் நல்ல கை. பழைய பாவு முடிகிற இடத்தில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்ட வேண்டும். முடிச்சு தெரியக் கூடாது, கையில் தட்டக் கூடாது. தர்மன் பிணைத்து முடித்ததும் கைலாசம் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவுவார். "இங்க இடிக்குதே" என்பார். எங்கே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தர்மனும் எத்தனையோ வருஷமாக அந்த இங்கேயைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் சாயங்காலம் மடியை உதறியாயிற்று, நாக்கைத் தூக்கியாயிற்று. கைலாசம் விளக்கை எடுத்து வந்து தர்மனின் காதுக்குள் காட்டிப் பார்த்தார். மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை.

கைலாசம் ஆளனுப்பவில்லை, தானே வந்தார். "எங்கபா போயிடுவ? தீபாவளிக்குள்ள நீயே வந்து குழில எறங்குவ. உன் எடத்துல ஒருத்தனயும் உக்கார வெக்க மாட்டேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி செய்யவும் செய்தார். தர்மனின் உட்காரும் பலகையின்மேல் ஒரு துண்டை விரித்துப் போட்டு வைத்தார். மற்றவர்கள் அந்தத் தறியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சிரித்துக்கொண்டார்கள். தீபாவளிக்குள் வேறு தொழிலில் கால் ஊன்றவில்லையென்றால் அந்தத் துண்டை எடுத்து உதறிவிட்டு, அத்தனை சிரிப்புக்கும் நடுவில் போய் உட்கார வேண்டும். தர்மனுக்கு அதை நினைத்தாலே காது கூசியது.

ஒருவனும் சந்தேகப்படாத தொழிலாக வேண்டும் என்று யோசித்தான். யோசித்துக் கறிக்கடை என்று முடிவு செய்தான். எல்லாம் கண்ணெதிரில் நடக்கிற தொழில் அது. ஆடு தொங்குகிறது, கேட்ட இடத்தில் வெட்டுகிறோம், இலையில் கட்டிக் கொடுக்கிறோம், ஒளிப்பதற்கு மடியே கிடையாது என்று மனைவி வள்ளியிடம் விளக்கினான்.

வள்ளி தென்னேரிப் பெண். அவள் அப்பா தென்னேரி ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர். மருமகனுக்கு வேண்டிய மீனை வண்டியில் போட்டே அனுப்புவார்.

"மீன் கடை வெச்சிக்கய்யா" என்றாள் வள்ளி. "மீனுன்னா தலையும் வாலும் அதுங்கூடவே வருது. எவன் இன்னா கேப்பான்?"

"வேணாம். அது செத்தும் முறைச்சிக்கினே இருக்குது. கைலாசம் மாதிரி."

அதோடு மீன் பேச்சு முடிந்தது.

வாலாஜாபாத்தில் ஒரு கசாப்புக்காரரிடம் போய்த் தொழில் கற்றுக்கொண்டான். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவது, ஆட்டின் முதுகைக் கிள்ளிச் சதையை மதிப்பது, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பது எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. தோல் உரிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று ஆனது. பின்னங்காலில் சின்னக் கீறல் போட்டு வாயால் ஊதினால் தோல் சதையை விட்டு எழும்பும்; அப்புறம் கத்தி எதற்கு, முஷ்டியை உள்ளே விட்டுத் தள்ளினால் சட்டை கழற்றுகிற மாதிரி வந்துவிடும். பட்டில் பழகின கை. ஒரு கீறல் விழாது. அந்த வாலாஜாபாத்துக்காரர் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டுச் சாலையில் வீட்டு முன்கட்டிலேயே கடை திறந்தான். புளியங்கட்டை போட்டாயிற்று, கொக்கி மாட்டியாயிற்று, மந்தாரை இலை கட்டுக் கட்டாக வந்துவிட்டது. ஆட்டுத்தொட்டியில் அறுத்து உரித்து, நகராட்சியின் நீல மை முத்திரையைத் தொடையில் வாங்கிக்கொண்டு ஆட்டைத் தோளில் போட்டு வந்து, பின்னங்கால்களில் தலைகீழாகத் தொங்கவிட்டான். எட்ட நின்று பார்த்தான். எல்லாம் வழவழவென்று இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் ஏதோ நீட்டிக்கொண்டு தொங்கியது.

நெசவுக்காரனால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், பிசிறு தொங்கினால் முடியாது. தறியிலிருந்து புடவையை அறுத்ததும் ஓரத்தில் தொங்குகிற நூலையெல்லாம் கத்தரித்துவிட்டுத்தான் மடிப்பான். இல்லையென்றால் முதலாளி வாங்க மாட்டார். தர்மனின் கை யோசிக்கவில்லை. இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்தது, கத்தரித்தது, கத்தரி போதாமல் கத்தியையும் எடுத்தது. கீழே விழுந்ததை நாய் ஒன்று நன்றியோடு தூக்கிக்கொண்டு ஓடியது. தர்மன் மறுபடி எட்ட நின்று பார்த்துத் திருப்திப்பட்டான்.

முதல் போணிக்கு வந்தவன் மண்டியில் மூட்டை தூக்கும் முனுசாமி. அரைக் கிலோ கேட்டான். கேட்டவன் ஆட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். முன்னால் வந்தான். மறுபடியும் பின்னால் போனான்.

"வால் எங்கபா?"

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"தொங்கிக்கினு இருந்துச்சு."

முனுசாமி பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து தெருவில் இறங்கினான்.

தோல் போனபின் தொங்குவது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது கறி வாங்குகிறவன் கட்சி. அதனால்தான் கடைக்காரர்கள் முழுசாக உரித்தாலும் வாலை மட்டும் மயிரோடு விட்டுவைப்பார்கள். வாலைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நீல முத்திரையை யாரும் பார்ப்பதில்லை. முத்திரையை மனிதன் குத்துகிறான்; வாலை ஆடுதான் வளர்க்க வேண்டும்.

காலை பலகாரத்துக்குள் தர்மன் கடையில் தொங்குவது நாய் என்று செய்தி போயிற்று. பத்து மணி வாக்கில் அது நரி ஆயிற்று. கொஞ்சம் வெயில் ஏறியதும் வண்ணாந்துறையில் தொலைந்துபோன கழுதை என்று திருத்தினார்கள். அதன் கால் இவ்வளவு சின்னதா என்று ஒருவர் கேட்டதற்கு, அதையும் கத்தரித்திருப்பான் என்று பதில் வந்தது. கடைக்கு முன்னால் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லோரும் எதிர்ச் சாரியில் நின்று பார்த்தார்கள். சாலையைக் கடந்து ஒருவரும் வரவில்லை. தறிக்கூடத்தில் கைலாசம் அந்தத் துண்டை எடுத்துத் தூசி தட்டி மறுபடி விரித்தார் என்ற செய்தியும் கூடவே வந்தது.

தர்மன் உள்ளே போனான். வள்ளி தலை குளித்துவிட்டு முடியை ஆற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணியில் அவளுடைய சவுரி தொங்கியது. வள்ளிக்கு முடி கொஞ்சம். கல்யாணமான புதிதில் தறிக்கூடம் பெருக்கப் போனபோது, பெருக்கியதில் கிடைத்த பட்டு நுனிகளைச் சேர்த்துவைத்து, கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்து, அவளே கட்டிக்கொண்ட சவுரி அது. இடுப்பைத் தொடும். வெயிலில் திருப்பினால் கறுப்புக்கு அடியிலிருந்து அரக்கும் மாம்பழ மஞ்சளும் எட்டிப் பார்க்கும். அதைக் கட்டும்போதெல்லாம் கைலாசத்தின் தராசு நினைவுக்கு வருவதால் வாசலில் நிற்க மாட்டாள்.

தர்மன் சவுரியைப் பார்த்தான். வள்ளி தர்மனைப் பார்த்தாள்.

"எங்கப்பா குடுக்கறேன்னு சொன்ன மீனுக்கு வால் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஆட்டைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் தர்மன் பிணைக்க உட்கார்ந்தான். சவுரியை இரண்டாக மடித்தான். வால் அடியில் மிஞ்சியிருந்த தசை நார்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றோடும் ஒரு பட்டு இழையை வைத்து முறுக்கினான். சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்கினான். அவன் வாழ்நாளில் அப்படி ஒரு பிணைப்பு அதற்கு முன் பிணைத்ததில்லை. எங்கே ஆடு முடிகிறது, எங்கே வள்ளி தொடங்குகிறாள் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆடு திரும்பி முன்கட்டுக்கு வந்தபோது எதிர்ச் சாரி ஓரடி முன்னால் வந்தது. அப்படி ஒரு வாலை யாரும் பார்த்ததில்லை. காற்றில் அசைந்தது. பளபளத்தது. முனுசாமி சாலையைக் கடந்து வந்தான். காலையில் இல்லாத வால் இப்போது எப்படி வந்தது என்று கேட்டான்.

"உள்ள இழுத்துக்கினு இருந்துச்சு. விடிகாலை குளிரு. வெயில் பட்டதும் வந்துடுச்சு."

"வெட்டிட்டேன்னியே?"

"நுனியத்தான் வெட்டினேன்."

"எங்க ஊட்லயும்தான் ஆடு இருக்குது. அதுக்கு உள்ள போறதில்லையே."

"அது உயிரோட இருக்குதுபா. குளிரு தாங்கும்."

முனுசாமிக்கு இதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பட்டுத் தரகர் ராமலிங்கத்தைக் கூட்டிவந்தார்கள். ஊரில் அசலா போலியா என்று தகராறு வந்தால் அவர் சொல்வதுதான் முடிவு. ராமலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வாலிலிருந்து ஓர் இழையை உருவினார். தீக்குச்சி கிழித்துக் கொளுத்தினார். மோந்தார். முடி கருகுகிற வாடைதான். சாம்பலை விரலில் வைத்து நசுக்கினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பருத்தியென்றால் காகிதம் எரிகிற வாடை வரும், செயற்கை நூலென்றால் கட்டி கட்டியாகும். பட்டுப் புழுவின் நூலும் ஆட்டு மயிரும் நெருப்பில் ஒரே வாடைதான் வீசும். ஏனென்றால் இரண்டுமே உயிரிலிருந்து வருவது. நாற்பது வருஷமாகப் பட்டைக் கொளுத்தி மோந்த மூக்கு அவருடையது.

"சுத்தம்" என்றார் ராமலிங்கம். "கலப்படம் துளியும் கிடையாது."

மத்தியானத்துக்குள் ஆடு தீர்ந்தது. கடைசியில் வால் மட்டும் தொங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தர்மன் நேர்மையாகத்தான் ஆரம்பித்தான். புது ஆட்டின் வாலைக் கத்தரிக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கூட்டம் வந்தது, பார்த்தது, முகம் சுளித்தது. இதென்ன வால், எலி வால் மாதிரி? போன வாரம் தொங்கியது ஆடு, இது என்ன? அசல் வாலைப் பார்த்துவிட்டு ராமலிங்கம்கூடத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். தர்மன் ஆட்டை உள்ளே தூக்கிப் போனான். வள்ளி பின்னலை அவிழ்த்தாள்.

அப்புறம் கடை திறக்கிற நாளெல்லாம் சவுரி ஆட்டுக்கு, கிருத்திகை அமாவாசைக்குக் கடை மூடினால் வள்ளிக்கு என்று ஆகிவிட்டது.

ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற சமயம் வியாபாரம் சொல்லி மாளாது. மார்க்கெட் பக்கத்தில் பரம்பரையாகக் கடை வைத்திருந்த கலியன்தான் பாவம். அவர் ஆட்டில் இருந்த வால் ஆட்டினுடையதே. அதனால் யாரும் நம்பவில்லை. கலியன் வாலுக்கு விளக்கெண்ணெய் தடவினார். சீப்பு வாங்கி வாரினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவகிடு எடுத்துக்கூடப் பார்த்தார். பார்த்தவர்கள் மேலும் பயந்தார்கள்.

கலியன் சும்மா இருக்கவில்லை. கறி வாங்குகிறவர் போல வந்து தர்மன் கடை வாலின் நுனியில் யாரும் பார்க்காதபோது மஞ்சளைத் தடவிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் வேறு ஆடு, அதே மஞ்சள். ஊரைக் கூட்டினார்.

தர்மன் மஞ்சளைப் பார்த்தான். கழுவாமல் விட்டது தன் தப்பு என்று மனசுக்குள் நொந்துகொண்டான். வெளியே நிதானமாகச் சொன்னான்:

"ரெண்டும் ஒரே தாய் வயித்துக் குட்டிங்க. அந்தத் தாய்க்கும் இதே எடத்துல மச்சம் இருக்குது. வேணும்னா வாங்க, சந்தையில காட்றேன்."

சந்தைக்குப் போக யாருக்கும் நேரமில்லை. கலியன் வாலை நுனியிலிருந்து அடிவரை தடவிப் பார்த்தார். பிணைப்பு கிடைக்கவில்லை. போகும்போது தன் கையையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

ஆனால் தர்மனுக்கு இதற்குள் ஒரு வியாதி வந்துவிட்டது. யாரும் தன்னைச் சந்தேகப்படக் கூடாது என்று கடை வைத்தவன், இப்போது சாலையில் போகிற எல்லோரையும் சந்தேகப்பட்டான். வாலை உற்றுப் பார்ப்பவன் யார்? பார்க்காமல் போகிறவன் ஏன் பார்க்கவில்லை? கறி வாங்குகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தான். ஈரலைத் தொட்ட விரல் எங்கே போகிறது, மடிப் பக்கமா என்று கண் தானாகப் போயிற்று. எத்தனையோ வருஷம் மடியை உதறிக் காட்டியவனுக்கு, எதை எங்கே ஒளிக்கலாம் என்பது அத்துப்படி.

எதிர் வீட்டு ஜெயம்மாளும் சந்தேகப்படுகிறவள்தான். அவள் சந்தேகம் வேறு பக்கம். ஜன்னல் வழியே பார்த்தால் வள்ளியின் பின்னல் ஞாயிற்றுக்கிழமை எலி வாலாக இருக்கிறது, அமாவாசைக்கு இடுப்பைத் தொடுகிறது. நிலாவுக்கும் இவள் தலைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். தண்ணீர்க் குழாயில் கைலாசத்தின் மனைவி பெரியநாயகியிடம் இதைச் சொன்னாள். பெரியநாயகி வீட்டில் சொன்னபோது கைலாசம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வேறொரு விஷயம் காதில் விழுந்ததும் வாங்கிக்கொண்டார். தீபாவளிக்குச் சில நாள் முன்னால் ஒரு கல்யாண வீட்டார் அவரிடம் புடவை எடுக்க வந்தார்கள். எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் வெட்கப்பட்டுக்கொண்டே, செவிலிமேட்டுச் சாலையில் ஒரு கறிக்கடையில் ஓர் ஆட்டு வால் இருக்கிறது, அந்தப் பளபளப்பில் வேண்டும் என்றார்.

கைலாசம் தராசைக் கீழே வைத்தார். பெரியநாயகியைக் கூப்பிட்டு, அந்தப் பின்னல் விஷயத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

தீபாவளி அன்று காலை. புரட்டாசி முழுக்கக் கறி தொடாமல் இருந்த ஊர் தர்மன் கடை முன்னால் நின்றது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைகள், புது வேட்டிகள், சாலையெல்லாம் பட்டாசுக் காகிதம். அந்த நாள் தாண்டிவிட்டால் கடை நிலைத்தது. தறிப் பலகைத் துண்டைக் கைலாசம் எடுத்துவிட வேண்டும். தர்மனுக்கு அது தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். கட்டையில் கத்தி விழுந்துகொண்டிருக்கும்போது கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. நடுவில் கைலாசம் வந்தார்.

"வாங்க மொதலாளி" என்றான் தர்மன். "தொடையா, நெஞ்செலும்பா?"

"கறி அப்பறம். வாலப் பாக்கணும்."

வால் தொங்கியது. காலை வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. கறுப்புக்கு அடியிலிருந்து அரக்கு ஓர் இழை எட்டிப் பார்த்தது. கைலாசம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டார்.

"இது என் ஊட்டுப் பட்டு" என்றார்.

ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. தர்மன் கத்தியைக் கட்டையில் ஊன்றிவிட்டு நின்றான். பட்டுதான் என்றால் வால் பொய். வால் பொய்யென்றால் இத்தனை மாதமாக ஊர் தின்றது எது என்ற கேள்வி வரும். அதற்குப் பிறகு, அந்தப் பட்டு எப்படி வந்தது என்ற கேள்வி வரும். உள்ளே கதவு இடுக்கில் வள்ளி நிற்பது தெரிந்தது. கையால் பின்னலை மறைத்துக்கொண்டிருந்தாள். மறைக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

"ஆட்டு வால் மொதலாளி" என்றான் தர்மன். "பட்டுன்னா எங்கனா பிணைச்சிருக்கணும். பிணைச்ச எடம் உங்க நகத்துக்குத் தெரியாமலா போயிடும்?"

கைலாசம் சிரித்தார். கட்டை விரல் நகத்தை வாலின் அடியில் வைத்தார். மெல்லக் கீழே இறக்கினார். மறுபடி மேலே ஏற்றினார். பக்கவாட்டில் போனார். கூட்டம் கழுத்தை நீட்டியது. கைலாசத்தின் நெற்றியில் எண்ணெயும் வேர்வையும் கலந்து இறங்கியது. வாலைப் பிடித்து இழுத்தார். வால் வரவில்லை, ஆடு வந்தது. இன்னும் பலமாக இழுத்தார். கொக்கி வளைந்து, விட்டம் முனகி, கூரை ஓடு இரண்டு கீழே விழுந்தன. வால் அப்படியே இருந்தது.

அவர் முகம் மாறுவதைத் தர்மன் பார்த்தான். பக்கத்திலிருந்து பார்த்ததால் அவனுக்கு மட்டும் தெரிந்தது. நகத்துக்குத் தட்டவில்லை, ஆனால் விரலுக்குப் பட்டு பட்டுதான். அப்படியானால் காஞ்சிபுரத்தில் இப்படிப் பிணைக்கக்கூடியவன் ஒருவன்தான், அவன் எதிரில் கத்தியோடு நிற்கிறான். அவனிடம்தான் வருஷக்கணக்காக "இங்க இடிக்குதே" என்று சொல்லிவந்திருக்கிறார். இது பட்டு என்று நிரூபிக்க வேண்டுமானால், அவன் பிணைப்பில் இடித்ததே இல்லை என்று ஊர்முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். தறிக்கூடத்து ஆட்கள் வேறு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கைலாசம் வாலை விடாமல் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"வால்தான்" என்றார்.

கூட்டம் மூச்சு விட்டது. முனுசாமி, அதைத்தான் அன்றைக்கே சொன்னேன் என்றான். கைலாசம் ஒரு கிலோ தொடைக்கறி போடச் சொன்னார். தர்மன் வெட்டினான், இலையில் மடித்துக் கட்டினான், கொடுத்தான். ஆனால் அவன் கண் கறியில் இல்லை. வாலை விட்ட கை நேராகக் கீழே வரவில்லை. இடுப்புப் பக்கம் ஒரு நொடி தங்கிவிட்டு வந்தது. அந்த நொடி அவனுக்கு நன்றாகத் தெரிந்த நொடி.

கைலாசம் படி இறங்கும்போது தர்மன் மிகவும் மரியாதையாகச் சொன்னான்:

"மொதலாளி. மடிய உதறிட்டுப் போங்க."

கைலாசம் திரும்பினார். எதிரே அவருடைய ஆட்கள், ஒவ்வொரு சாயங்காலமும் மடியை உதறிக் காட்டியவர்கள், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியவர்கள், வரிசை கலையாமல் நின்றார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். கைலாசம் புது வேட்டியின் மடியைப் பிரித்து உதறினார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கிள்ளி வைத்திருந்த கறுப்பு இழைகள் பட்டாசுக் காகிதத்தின்மேல் விழுந்தன.

"ஒட்டிக்கினு வந்துடுச்சுபா" என்றார்.

தர்மன் குனிந்து எடுத்தான். தூசியை ஊதினான்.

"இது என் ஊட்டு வாலு" என்றான். "பரவால்ல, போயிட்டு வாங்க."

அன்று மத்தியானமே தறிப் பலகையிலிருந்து துண்டு எடுக்கப்பட்டது. எடுத்தது யார் என்று தறிக்கூடத்தில் கேட்டதற்கு, யாருக்கும் தெரியவில்லை என்றார்கள். வள்ளி அன்று சாயங்காலம் முழுப் பின்னலோடு முதல் முறையாக வாசலில் வந்து நின்றாள். ஜெயம்மாள் அவசரமாக வானத்தைப் பார்த்து நிலாவைத் தேடினாள்.

கைவசம் வைத்திருந்த வெள்ளிப் பல்லியின் மேல் ஆணையாக, தர்மன் வள்ளி சொன்னதைக் கேட்டு, ஆனி மாதம் கடை திறந்த அன்றிலிருந்து தென்னேரி ஏரி மீன் மட்டும்தான் விற்றான்.